சாய்ஸ் லிஸ்ட்டை லாக் செய்வதற்கு முன்

எம்பிபிஎஸ் முடித்தவர்கள் எம்.டி., எம்.எஸ். சேர எழுதும் நீட் பிஜி தேர்வின் முடிவு வந்த மறுநாளே எல்லார் போனிலும் போன ஆண்டு கட்-ஆஃப் பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். எந்தக் கல்லூரியில் மெடிசின், சர்ஜரி போன்ற எந்த ப்ராஞ்ச் எந்த ரேங்க்கோடு முடிந்தது என்று பார்த்து, பக்கத்தில் தன் ரேங்க்கை வைத்து, எட்டுவதில் உயரமானதை எடுத்துக்கொள்வதுதான் தேர்வு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டியல் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன ஆண்டு அந்த இடத்துக்கு எவ்வளவு போட்டி இருந்தது என்பது. அங்கே மூன்று ஆண்டு முடித்து வெளியே வருகிறவருக்குத் தனியாக ஒரு ஹெர்னியா அறுவை செய்யத் தெரியுமா, நடு இரவில் வரும் மூளை சி.டி.யைப் பார்த்துப் பயமில்லாமல் ரிப்போர்ட் எழுத வருமா என்பதை அது சொல்லாது.

பிஜி என்பது கை பழகும் காலம். அந்த மூன்று ஆண்டில் உங்கள் கைக்கு என்ன வரும், எத்தனை வரும், பக்கத்தில் நின்று சொல்லித்தர யார் இருப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கவுன்சலிங்குக்கான விருப்ப வரிசையை, அதாவது சாய்ஸ் லிஸ்ட்டை, போட வேண்டும். கல்லூரியின் பெயர் அதற்கு அடுத்தது.

முதலில் எத்தனை வாசல் இருக்கிறது என்று தெளிவாக்கிக்கொள்வோம். எய்ம்ஸ், சண்டிகர் பிஜிஐ, புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவற்றுக்கு ஐஎன்ஐ-செட் என்ற தனித் தேர்வு. எய்ம்ஸ் அதை ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் நீட் பிஜி: 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. அந்த ஒரே மதிப்பெண்ணை வைத்து இரண்டு கவுன்சலிங் நடக்கும். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி ஆல் இந்தியா கோட்டா. அதையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் டிஎன்பி (மருத்துவமனைகளில் படிக்கும், எம்.டி., எம்.எஸ். போன்ற படிப்பு) இடங்களையும் டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்சிசி நிரப்புகிறது. தமிழ்நாட்டுக்கான மீதிப் பாதியையும் தனியார் கல்லூரி இடங்களையும் கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு நிரப்புகிறது.

இதில் பலர் சறுக்குவது சீட் கணக்கில். “அந்தத் துறையில் நாலு சீட் இருக்கு” என்று கேள்விப்பட்டு நம்பிக்கை வைப்பார்கள். நாலில் இரண்டு ஆல் இந்தியாவுக்குப் போய்விடும். மாநிலத்துக்கு மிஞ்சும் இரண்டில் பாதி அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. பணியில் இருப்பவர்களுக்கு மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்த பிறகு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. ஆக அரசுப் பணியில் இல்லாமல் நான்-சர்வீஸில் நிற்பவருக்கு இருப்பது ஒரு சீட். அந்த ஒன்றும் 69 சதவீத இடஒதுக்கீட்டில் எந்தப் பிரிவுக்கு வருகிறது என்பது அந்த ஆண்டு இடப் பட்டியலான சீட் மேட்ரிக்ஸில்தான் தெரியும். போன ஆண்டு கட்-ஆஃப் இந்த ஆண்டு பொருந்தாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். போன ஆண்டு அந்த ஒரு சீட் வேறு பிரிவுக்குப் போயிருக்கலாம். 2025 ஜனவரி 29-ல் வந்த தீர்ப்பையும் நினைவில் வைக்க வேண்டும். பிஜி மருத்துவத்தில் இருப்பிடத்தை வைத்து இடஒதுக்கீடு செய்வது செல்லாது, அதே நிறுவனத்தில் படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம் என்றது அது. எனவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ப்ராஸ்பெக்டஸை வைத்து யாராவது அறிவுரை சொன்னால், இந்த ஆண்டு ப்ராஸ்பெக்டஸைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ப்ராஞ்சா, காலேஜா?

ஆண்டுதோறும் இந்தக் கேள்வி வரும். ப்ராஞ்ச் முதலில், அதற்குள் எந்தக் கல்லூரியின் துறை, அதற்குப் பிறகு ஊர் என்பதே என் கருத்து. கல்லூரி மூன்று ஆண்டு. ப்ராஞ்ச் முப்பத்தைந்து ஆண்டு.

ப்ராஞ்சைத் தேர்வதற்கு ஹவுஸ் சர்ஜன் ஆண்டைப் போல நல்ல அளவுகோல் கிடையாது. ஆனால் பலர் அந்த ஆண்டைப் புத்தகமும் மொபைல் ஆப்பின் தேர்வுக் கேள்விகளுமாகக் கழித்துவிடுகிறார்கள். ஒரு போஸ்டிங்கில் உங்களை அசத்திய கேஸை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தத் துறையின் சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ரேடியாலஜி என்றால் நாளெல்லாம் திரை முன்னால் உட்கார்ந்து, பேசாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பார்ப்பது. அனஸ்தீசியாவில் நோயாளி உங்களை நினைவில் வைத்திருக்க மாட்டார், ஆனால் உயிர் உங்கள் கையில் இருக்கும். மகப்பேறு மருத்துவமான ஓஜியில் இரவு உங்களுடையது அல்ல. பிரசவ வலிக்கு நேரம் காலம் கிடையாது. ஜெனரல் மெடிசினில் ஒரே சர்க்கரை நோயாளியைப் பத்து ஆண்டு பார்ப்பது. இவற்றில் எது உங்களைச் சலிக்க வைக்கவில்லையோ அது உங்கள் ப்ராஞ்ச். நாற்பத்தைந்து வயதில் அந்தத் துறைக்காரர் ஒருவரின் காலை எட்டு மணி முதல் இரவு வரை என்ன நடக்கிறது என்று ஒரு நாள் கூடவே இருந்து பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சூப்பர் ஸ்பெஷாலிட்டி எண்ணம் இருந்தால் எந்த எம்.டி.யிலிருந்து எங்கே போகலாம் என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். மெடிசின் முடித்தால் கார்டியாலஜி, நெப்ராலஜி, கேஸ்ட்ரோ, நியூரோ, எண்டோக்ரைன், மெடிக்கல் ஆன்காலஜி என்று வழிகள் விரியும். குழந்தை மருத்துவத்திலிருந்து நியோநேட்டாலஜி மட்டுமல்ல, கார்டியாலஜிக்கும் நியூராலஜிக்கும் போகலாம். ரேடியேஷன் ஆன்காலஜி முடித்தவர் மெடிக்கல் ஆன்காலஜி எழுதலாம். அனஸ்தீசியாவிலிருந்து கிரிட்டிக்கல் கேர். ஜெனரல் சர்ஜரி இல்லாமல் யூராலஜி, பிளாஸ்டிக், சர்ஜிகல் கேஸ்ட்ரோ என்ற கனவு நடக்காது. ஆனால் மூன்றாண்டு முடித்து, பாண்ட் எனும் கட்டாயப் பணியும் முடித்து, சூப்பர் ஸ்பெஷாலிட்டிக்கான நீட் எஸ்எஸ் தேர்வு எழுதி இன்னும் மூன்றாண்டு படிக்கும் பொறுமையும் வீட்டு நிலைமையும் இருக்கிறதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். எம்.டி.யோடு நின்றாலும் நிறைவாக இருக்கும் என்று தோன்றுகிற ப்ராஞ்சை எடுப்பதுதான் பாதுகாப்பு.

நோயாளிக்கு நேரடியாகச் சிகிச்சை தராத நான்-கிளினிக்கல் துறைகள் பற்றி ஒரு வார்த்தை. 2023 செப்டம்பரில் தகுதி பெர்சென்டைலைப் பூஜ்யமாகக் குறைத்தும் நிரப்பப் பார்த்த காலியிடங்களில் இந்தத் துறைகளின் சீட்கள் கணிசம். அதனால் ‘வேறு வழியில்லாதவர் எடுப்பது’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அது சரியல்ல. பேத்தாலஜியும் மைக்ரோபயாலஜியும் விரும்பி எடுப்பவருக்குச் சிறப்பான துறைகள். ஆனால் ஓராண்டு ‘வைத்துக்கொண்டு’ திரும்ப நீட் எழுதலாம் என்ற எண்ணத்தில் சேராதீர்கள். பாதியில் விட்டால் கட்ட வேண்டிய பாண்ட் தொகையும், சீட்டைப் பிடித்து வைத்தவர் மீது வரும் தடையும் அந்தத் திட்டத்தையே கவிழ்த்துவிடும்.

துறையைத் துருவிப் பார்ப்பது

ஒரு சர்ஜரி துறையை எடுத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக எண்களை நானே வைக்கிறேன். ஆறு யூனிட். ஒவ்வொரு யூனிட்டுக்கும் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் டே வாரம் ஒன்று, அறுவை செய்யும் தியேட்டர் டே இரண்டு. ஒரு தியேட்டர் டேயில் ஐந்து மேஜர் கேஸ் என்றால் வாரம் பத்து. பண்டிகை, தேர்வு, ஆட்டோக்ளேவ் பழுது எல்லாம் கழித்து ஆண்டுக்கு 45 வாரம் வைத்தால் 450 கேஸ். சீஃபும் மூன்று உதவிப் பேராசிரியர்களும் செய்வதுபோக மூன்றில் ஒன்று பிஜி கைக்கு வந்தால் 150. யூனிட்டில் ஆண்டுக்கு இருவர் வீதம் ஆறு பிஜி. பெரும்பகுதி மூன்றாம் ஆண்டுக்காரர் இருவருக்குப் போகும். ஆளுக்கு ஐம்பது, அறுபது மேஜர் கேஸ். நல்ல பயிற்சி. இதே யூனிட்டில் படுக்கையும் தியேட்டர் டேயும் கூடாமல் பிஜி மட்டும் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டால்? ஆளுக்கு முப்பதுகூடத் தேறாது. சீட் கூடியிருக்கிறது என்று கேட்டால் மகிழ்வதற்கு முன்னால் படுக்கை கூடியதா, தியேட்டர் டேபிள் கூடியதா என்று கேளுங்கள்.

இந்த எண்களை எங்கே பெறுவது? கல்லூரி இணையதளத்தில் அல்ல. பேராசிரியரிடமும் அல்ல. இரண்டாம் ஆண்டு பிஜியிடம். முதலாண்டுக்காரருக்குத் தூக்கம் தவிர வேறு நினைப்பு இருக்காது. இறுதியாண்டுக்காரர் தீசிஸிலும் தேர்விலும் மூழ்கியிருப்பார். கஷ்டம் நினைவில் இருந்து, கிடைப்பதும் கண்ணுக்குத் தெரிகிற கட்டம் இரண்டாமாண்டு. அவருடைய அட்மிஷன் டே எது என்று முதலில் மெசேஜில் கேட்டு, அது இல்லாத நாளில் இரவு ஒன்பதுக்கு மேல் கூப்பிடுங்கள். ஒருவரோடு நிறுத்தாமல் மூன்று பேரிடம் பேசுங்கள். ஒருவர் போன ஆண்டு முடித்துப் போனவராக இருக்கட்டும், அவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு, ஹெவி ஒர்க்” என்று பதில் வரும். அதில் ஒன்றும் இல்லை. எண்ணாகக் கேளுங்கள். “நீங்க தனியா எத்தனை அப்பெண்டிக்ஸ் பண்ணியிருக்கீங்க? லேப்ராஸ்கோப்பி கேமரா பிடிச்சது தவிர ட்ரோக்கார் உங்க கையில எப்ப வந்தது? போன மாசம் எத்தனை நாள் க்ளாஸ் நடந்தது?” சம்மதித்தால், கேஸ்களைப் பதிந்து வைக்கும் அவருடைய லாக் புக்கின் ஒரு பக்கத்தை, நோயாளி விவரத்தை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். தேதி, ஐபி எண், டயக்னோசிஸ், ப்ரொசீஜர், அதற்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம். அந்தக் கட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது: பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று நான்கில் ஒன்று எழுதியிருக்கும். முதலாண்டில் ‘பார்த்தது’ நிறைய இருப்பது இயல்பு. இரண்டாமாண்டு நடுவிலும் பக்கம் முழுக்க ‘உதவியது’ என்றே ஓடினால் அந்தத் துறை கையில் கத்தி கொடுப்பதில்லை என்று பொருள்.

‘ஹெவி ஒர்க்’ என்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும். அட்மிஷன் டேயில் நாற்பது நோயாளி வந்து, நீங்கள் பார்த்து, முடிவெடுத்து, சீனியர் திருத்துவது ஒரு வகை. ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டு போவது, ஸ்கேனுக்கு ட்ராலி தள்ளுவது, இன்சூரன்ஸ் படிவம் நிரப்புவது, ரிப்போர்ட் வாங்க மூன்று மாடி ஏறி இறங்குவது இன்னொரு வகை. இரண்டிலும் உடம்பு ஒரே அளவு களைக்கும். முதல் வகையில் மட்டுமே டாக்டர் உருவாகிறார். வார்டில் இரவு எத்தனை ஊழியர் இருக்கிறார்கள் என்ற கேள்வி இதற்காகத்தான்.

ப்ராஞ்ச்சுக்கு ப்ராஞ்ச் கேள்வி மாறும். கண் மருத்துவத்தில் வித்தியாசம் மிகப் பெரியது. எம்.எஸ். முடித்தும் ஃபேகோ எனும் கண்புரை அறுவையைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். மூன்றாண்டில் எத்தனை எஸ்ஐசிஎஸ் (சிறு வெட்டுக் கண்புரை அறுவை), எத்தனை ஃபேகோ, வெட் லேப் இருக்கிறதா, ஆட்டுக் கண்ணில் பழகிய பிறகு நோயாளியிடம் போகும் முறை உண்டா என்று கேளுங்கள். நல்ல இடங்களில் கேஸைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். முதலில் சீனியர் எல்லாம் முடித்த பிறகு லென்ஸ் வைப்பது மட்டும் உங்களுக்கு, கை நிதானமானதும் புரையின் மிச்சமான கார்டெக்ஸைக் கழுவுவது, பிறகு கண்ணுக்குள் போகும் டனல் வெட்டு, கடைசியில்தான் லென்ஸ் உறையைத் திறக்கும் ரெக்சிஸ். எந்தப் படி எந்த மாதத்தில் வரும் என்று பிஜி தெளிவாகச் சொன்னால் அங்கே ஒரு பயிற்சித் திட்டம் இருக்கிறது. “சார் மூடைப் பொறுத்து” என்றால் இல்லை.

ரேடியாலஜியில் எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்த வலிமை எத்தனை டெஸ்லா என்பதை விட அதை யார் இயக்குகிறார்கள், யார் ரிப்போர்ட் எழுதுகிறார்கள் என்பது முக்கியம். தமிழக அரசு மருத்துவமனைகளில் பல சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்கள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கீழ் ஓடுகின்றன. அந்தப் படங்களை பிஜிக்கள் படித்து, கன்சல்டன்ட் திருத்தும் ஏற்பாடு உண்டா என்று கேட்க வேண்டும். மூன்றாண்டும் அல்ட்ராசவுண்ட் ப்ரோபைப் பிடித்தே கழிந்தால் எம்.ஆர்.ஐ. வெளியே போய்ப் படிக்க வேண்டியதாகிவிடும்.

எலும்பு மருத்துவத்தில் கேட்க வேண்டியவை விபத்துக் கேஸ்களின் வரவும், அறுவையின்போது எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் எத்தனை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இம்ப்ளான்ட் எத்தனை நாளில் கிடைக்கிறது என்பதும். இம்ப்ளான்ட் தாமதமானால் நோயாளி ட்ராக்‌ஷனில் கிடப்பார், உங்கள் தியேட்டர் லிஸ்ட் காலியாகும். அனஸ்தீசியாவில் குழந்தைகள், நியூரோ, கார்டியாக் மூன்றும் சுழற்சியில் வருமா, அல்ட்ராசவுண்ட் வைத்து நரம்பை மரக்க வைக்கும் ப்ளாக் போடப் பழக்குகிறார்களா என்பது. மெடிசினில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று: பக்கத்திலேயே டி.எம். (சூப்பர் ஸ்பெஷாலிட்டி) படிப்புகள் இருப்பது வரமும் உண்டு, குறையும் உண்டு. சிக்கலான கேஸைப் பார்க்கலாம். ஆனால் சென்ட்ரல் லைனும் டயாலிசிஸ் கதீட்டரும் டி.எம். ரெசிடென்ட் கைக்கே போய்விட்டால் எம்.டி. பிஜிக்கு டிஸ்சார்ஜ் சம்மரிதான் மிஞ்சும். டி.எம். இல்லாத பெரிய மாவட்டக் கல்லூரியில் மெடிசின் படித்தவரின் கை பல நேரம் உறுதியாக இருப்பது இதனால்தான்.

இன்னொன்று, கல்லூரியின் பெயர் ஓரிடத்தில் இருக்கும், நீங்கள் வேலை செய்வது வேறிடமாக இருக்கும். சென்னை மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவம் என்றால் சென்ட்ரல் எதிரில் உள்ள ஜி.எச். அல்ல, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. கண் மருத்துவம் என்றால் 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை. மனநலம் என்றால் 1794-லிருந்து வரலாறு உள்ள கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். ஸ்டான்லியில் ஓஜி என்றால் ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மகப்பேறு மருத்துவமனை. தங்கும் இடம், பயணம், நோயாளி வகை எல்லாம் இதைப் பொறுத்தே அமையும்.

டிஎன்பி

டிஎன்பியை ‘சீட் கிடைக்காதவர் போவது’ என்று ஒதுக்குவது தவறு. எம்பிபிஎஸ் முடித்தவருக்கு மூன்றாண்டு, அதே துறையில் டிப்ளமோ வைத்திருப்பவருக்கு இரண்டாண்டு. தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்று. உங்களை மதிப்பிடுகிறவர் உங்கள் சீஃப் அல்ல. அதனால் முடிக்கிறவருக்கு அடித்தளம் பலமாக இருக்கும், முடிப்பதும் அவ்வளவு எளிதல்ல. சேர்வதற்கு முன்னால் அந்த மருத்துவமனையில் கடைசி மூன்று பேட்ச் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் முதல் முறையிலேயே தேறினார்கள் என்று கேளுங்கள்.

கார்ப்பரேட் மருத்துவமனையில் நோயாளி பணம் கட்டி ஒரு குறிப்பிட்ட கன்சல்டன்ட்டைத் தேடி வருகிறார். அறுவைத் துறைகளிலும் ஓஜியிலும் ரெசிடென்ட் கைக்கு கேஸ் வருவது அதனால் குறையும். பதிலாக ஐசியூ ஒழுங்கு, ப்ரோட்டோகால், வென்டிலேட்டர் கையாளுதல், ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதும் பழக்கம் கிடைக்கும். மெடிசின், அனஸ்தீசியா, எமர்ஜென்சி, ரேடியாலஜிக்கு நல்ல டிஎன்பி மையம் ஒரு நடுத்தரக் கல்லூரியை விட மேல் என்பேன். சர்ஜரிக்கு ட்ரஸ்ட் மருத்துவமனைகளும் மாவட்ட அரசு மருத்துவமனை டிஎன்பிக்களும் கார்ப்பரேட்டை விட மேல். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளின் இடங்களைப் பல எம்.எஸ். சீட்டுகளுக்கு மேலே வைப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

பாண்ட், பணம்

பாண்ட் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆல் இந்தியா கோட்டாவில் போனாலும், சேரும் கல்லூரி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதன் பாண்ட்தான் உங்களுக்கும். மூன்று தனித்தனிக் கேள்விகள் கேளுங்கள். முடித்த பிறகு எத்தனை ஆண்டு கட்டாயப் பணி? அதைச் செய்யாவிட்டால் எத்தனை லட்சம்? பாதியில் விட்டுப் போனால் எத்தனை லட்சம்? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் உடல்நிலையோ குடும்பமோ தடுமாறும்போது மாட்டிக்கொள்வது அதில்தான். அசல் சான்றிதழ்கள் பல இடங்களில் கல்லூரியிடம் இருக்கும். பாண்ட் முடியாமல் வெளிவராது. பாண்ட் பணிக்கு ஊர் ஒதுக்குவது தாமதமானால் அந்தக் காத்திருப்பு காலமும் உங்களுடைய ஆண்டில்தான் கழியும், சூப்பர் ஸ்பெஷாலிட்டி திட்டமும் தள்ளும்.

தனியாரிலும் நிகர்நிலையிலும் ட்யூஷன் கட்டணத்தை மட்டும் பார்த்து மூன்றால் பெருக்காதீர்கள். விடுதி, மெஸ், காப்புத்தொகை, பல்கலைக்கழகப் பதிவு, ‘இதர’ என்று வருவதை எல்லாம் சேருங்கள். கவுன்சலிங்குக்கு முன்பே இவை அனைத்தையும் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வெளியிட்டதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டைபெண்ட் பற்றியும் நேரடியாகக் கேளுங்கள்: வங்கியில் வருகிறதா, வந்தது உங்களிடமே தங்குகிறதா? வலது கையில் கொடுத்து இடது கையில் வாங்கும் இடங்கள் இருக்கின்றன. இதற்காகக் கடன் எடுக்கும் குடும்பம், முதல் மூன்றாண்டு வருமானம் பூஜ்யம் என்று வைத்தே கணக்குப் போட வேண்டும்.

தூக்கமும் கதவும்

1992-ல் மத்திய சுகாதார அமைச்சகம் ரெசிடென்ட்களுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு சொன்னது. தேசிய மருத்துவ ஆணையமான என்எம்சியின் 2023 விதிகள் ‘நியாயமான வேலை நேரம்’, வேலைச் சூழலுக்கு உட்பட்டு வாரம் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு என்கின்றன. 2024-ல் என்எம்சி அமைத்த மனநலப் பணிக்குழு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று பரிந்துரைத்தது. நடைமுறையில் பல துறைகளில் 24 மணி நேர ட்யூட்டி முடிந்து அப்படியே காலை ஓபிக்குப் போய், முப்பது மணி நேரம் தாண்டித்தான் பிஜி படுக்கையைப் பார்க்கிறார். இது வீரம் அல்ல. தூங்காத கை ஊசி மருந்தின் அளவைத் தப்பாகப் போடும். அடிபடுவது நோயாளி, பிறகு அந்த பிஜி.

எனவே “ட்யூட்டி மறுநாள் மதியம் போக முடியுமா?” என்ற ஒரு கேள்வியைக் கண்டிப்பாகக் கேளுங்கள். அதோடு, கடந்த மூன்றாண்டில் யாராவது பாதியில் விட்டுப் போனார்களா, ஏன் என்பதையும். ஒருவர் போனால் சொந்தக் காரணம் இருக்கலாம். ஒரே துறையிலிருந்து அடுத்தடுத்து மூவர் போயிருந்தால் காரணம் துறைக்குள் இருக்கிறது. எல்லார் முன்னிலும் கத்தி அவமானப்படுத்துவது, தீசிஸ் கையெழுத்தைப் பிடித்து வைத்து மிரட்டுவது என்று கேள்விப்பட்டால் எவ்வளவு கேஸ் கிடைத்தாலும் அந்த இடத்தைக் கீழே இறக்குங்கள். மூன்றாண்டு தினமும் அங்கேதான் விழித்தெழ வேண்டும்.

பெண்கள் கேட்க வேண்டியது இன்னும் உண்டு. ட்யூட்டி ரூம் பெண்களுக்குத் தனியாக இருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறை அதே தளத்தில் உண்டா, விடுதிக்கும் லேபர் வார்டுக்கும் நடுவே இரவில் விளக்கு எரிகிறதா? 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவர் இரவுப் பணியின் நடுவே கருத்தரங்க அறையில்தான் ஓய்வெடுத்தார். அதன் பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கக் கூடாது. அப்பாக்களும் அம்மாக்களும் நேரில் போகும்போது கட்டடத்தின் முகப்பைப் பார்க்காமல் இந்த அறையைப் பாருங்கள்.

லிஸ்ட் போடுவது

இடம் ஒதுக்கும் கணினி வேலை செய்யும் விதம் எளிமையானது. உங்கள் ரேங்க் வரும்போது உங்கள் லிஸ்ட்டின் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும். காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தரும். எட்டாத இடத்தை மேலே வைத்ததால் கீழே இருப்பதை நீங்கள் இழக்கப் போவதில்லை. “கிடைக்கக்கூடியதை முதலில் போடு, பத்திரம்” என்ற அறிவுரை முழுத் தவறு. அப்படிப் போட்டுவிட்டு, ஏழாவதாக வைத்த ஆசைப்பட்ட இடம் தன்னைவிடப் பின் ரேங்க்காருக்குப் போவதைப் பார்த்து அழுதவர்கள் ஆண்டுதோறும் உண்டு. உண்மையான விருப்ப வரிசையில் போடுங்கள். சேர மனமில்லாத இடத்தை லிஸ்ட்டிலேயே சேர்க்காதீர்கள்.

எம்சிசியில் ஆல் இந்தியா கோட்டாவுக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய், டெபாசிட் 25,000. எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 500-ம் 10,000-ம். நிகர்நிலைக்கு 5,000-ம் 2,00,000-ம். முதல் சுற்றில் கிடைத்ததைச் சேராமல் விட்டால் ஒன்றும் இழப்பில்லை. இரண்டாம் சுற்றில் விட்டால் டெபாசிட் போகும். மூன்றாம் சுற்றில் ஒதுக்கப்பட்டுச் சேராவிட்டால் டெபாசிட்டும் போய், அடுத்த சுற்றுகளுக்கும் தகுதி போகும். மிச்ச இடங்களுக்கான கடைசிச் சுற்றான ஸ்ட்ரே சுற்றில் வாங்கிவிட்டுச் சேராவிட்டால் தேர்வெழுதவே தடை வரும். மேலும் இரண்டாம் சுற்றில் சேர்ந்த பிறகு ராஜினாமா எளிதல்ல. மாநிலக் கவுன்சலிங்கில் உங்கள் பெயர் நீங்கிவிடும். இரண்டு கவுன்சலிங் அட்டவணையையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி சுவரில் ஒட்டுங்கள்.

கிடைத்த இடத்திலிருந்து லிஸ்ட்டில் மேலே உள்ளதற்கு மாறும் அப்கிரேடில் ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் சுற்றில் திருநெல்வேலியில் மெடிசின் கிடைத்துச் சேர்ந்தீர்கள், அப்கிரேடுக்கும் சம்மதித்தீர்கள் என்று வைப்போம். இரண்டாம் சுற்றுக்குப் புது லிஸ்ட் போடும்போது, ‘சென்னையாச்சே’ என்று யோசிக்காமல் சென்னை அனஸ்தீசியாவையும் சேர்த்துவிட்டீர்கள். அது கிடைத்தால் திருநெல்வேலி மெடிசின் அந்த நொடியே இன்னொருவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. இரண்டாம் சுற்று லிஸ்ட்டில் கையில் இருப்பதை விட உறுதியாக மேலானவை மட்டுமே இருக்க வேண்டும். அது நான்கே வரி என்றாலும் பரவாயில்லை.

லிஸ்ட்டை முதலில் தாளில் எழுதுங்கள். ஒருநாள் விட்டு, கீழிருந்து மேலாகப் படியுங்கள்: ஒவ்வொரு ஜோடியிலும் “இரண்டும் கிடைத்தால் மேலே உள்ளதைத்தான் எடுப்பேனா?” என்று கேளுங்கள். தயங்கினால் இடம் மாற்றுங்கள். பிறகு தளத்தில் ஏற்றும்போது கல்லூரிப் பெயரோடு கோட்டா, படிப்பு இரண்டையும் சரிபாருங்கள். ஒரே கல்லூரியின் எம்.டி.யும் டிப்ளமோவும் அடுத்தடுத்த வரியில் இருக்கும், எம்.டி. பல்மனாலஜிக்குப் பதில் வேறெதையோ தட்டிவிட்டவர்கள் உண்டு. கடைசி மணி நேரத்தில் தளம் திணறும்; முந்தின நாளே முடித்துவிடுங்கள். நீங்கள் லாக் செய்யாவிட்டால் நேரம் முடிந்ததும் தானாகவே லாக் ஆகும், அப்போது அரைகுறையாக இருக்கும் வரிசையே இறுதி வரிசை. லாக் செய்ததும் பிடிஎஃப்பை இறக்கி, தாளில் எழுதியதோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, இன்னொருவர் சத்தமாகப் படிக்க நீங்கள் டிக் போடுங்கள்.